மூன்றாம் ஈற்றுக்குள் பசு அடிமாடாவது யார் குற்றம்?

“கூலிக்காரனுக்கு மாடு வாங்கிக் கொடுத்தால் என்ன செய்வான்? இரண்டு வருஷம் கறப்பான். பிறகு அடிமாட்டுக்கு விற்றுவிட்டு மறுபடியும் மனுவோடு வந்து நிற்பான்.”

இந்தப் பேச்சைக் கேட்காத விவசாயத் தொழிலாளி செங்கற்பட்டு ஜில்லாவில் இல்லை. கடன் மனுவை வாங்குகிற அதிகாரி சொல்கிறார். பால் வியாபாரி சொல்கிறார். பம்புசெட் நிலமும் நாலு கறவையும் வைத்திருக்கிற மிராசுதார் சொல்கிறார். ஏழைக்கு மாடு வளர்க்கத் தெரியாது, அதனால்தான் மாடு அவனிடம் நிலைப்பதில்லை என்பது இவர்களுடைய தீர்ப்பு.

மாடு நிலைக்கவில்லை என்பது உண்மை. திருக்கழுக்குன்றம், திருப்போரூர், செய்யூர் பக்கத்துக் காலனிகளில் இரண்டாவது ஈற்றோடு, மிஞ்சினால் மூன்றாவது ஈற்றோடு சந்தைக்குப் போன கறவை மாடுகள் அனேகம். ஆனால் குற்றவாளி மாட்டுக்காரன் என்ற தீர்ப்பை நாம் அடியோடு மறுக்கிறோம். மாட்டின் கறவைக் காலத்தைத் தின்றுவிடுவது எது, அதனால் லாபமடைகிறவர் யார் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் கணக்கு

பசு என்பது இருபது வருஷம் கூட உயிர் வாழக்கூடிய பிராணி. நல்ல வளர்ப்பில் இரண்டரை வயதில் முதல் கன்று போடும். தலைச்சன் ஈற்றில் அது தருகிற பால், முழு வளர்ச்சியடைந்த பசு தருவதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். மூன்றாவது ஈற்றிலிருந்து ஐந்தாவது ஈற்று வரையில்தான் அது உச்சத்தில் கறக்கும். அதாவது இரண்டாவது ஈற்றோடு மாட்டை விற்கிற குடும்பம், மாடு நன்றாகக் கறக்கத் தொடங்கும் நேரத்தில் அதை இழக்கிறது.

இதைக் காசில் போட்டுப் பாருங்கள். 60,000 ரூபாய் கடனில் மாடு வாங்கினதாகவும், கடைசியில் 15,000 ரூபாய்க்கு விற்றதாகவும் வைத்துக்கொள்வோம். கைவிட்டுப் போனது 45,000. இரண்டு ஈற்று மட்டும் கறந்திருந்தால் ஈற்றுக்கு 22,500. கறவை நாள் 300 என்றால் நாளொன்றுக்கு 75 ரூபாய். ஐந்து ஈற்று கறந்திருந்தால் ஈற்றுக்கு 9,000. நாளொன்றுக்கு 30 ரூபாய். 2023 டிசம்பரில் ஆவின் பசும்பாலின் கொள்முதல் விலை லிட்டருக்கு 35 ரூபாயிலிருந்து 38 ஆனது. அந்த விலைப்படி, சீக்கிரம் போய்விடுகிற மாடு தினம் 2 லிட்டர் பாலைத் தன் விலைக்கே தின்றுவிடுகிறது. நிலைத்து நிற்கிற மாட்டுக்கு ஒரு லிட்டர் கூட ஆவதில்லை. எட்டு லிட்டர் கறக்கிற மாட்டில் இரண்டு லிட்டர் என்றால் கால் பங்கு! இதில் வட்டி சேரவில்லை. தவிடு, புண்ணாக்கு சேரவில்லை. விடியற்காலையிலும் அந்தியிலும் மாட்டோடு உழைக்கிற பெண்ணின் கூலி எந்தக் கணக்கிலும் சேர்ந்ததே இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஐந்து ஈற்று நிற்கிற பசு சராசரியாக இரண்டு கிடேரிகளையாவது தரும். அவற்றில் ஒன்று வளர்ந்தால் தாயின் இடத்தை நிரப்பும்; மறுபடி கடனுக்குப் போக வேண்டாம். இரண்டு ஈற்றோடு போகிற மாடு தருவது ஒரே கிடேரி, அதுவும் பிழைத்தால்தான். ஆகவே மாட்டின் கறவைக் காலம் குறையக் குறைய கடன் கொடுப்பவனுக்கும் மாட்டுத் தரகனுக்கும் வியாபாரம். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவன் வாங்கும்போதும் சம்பாதிக்கிறான், விற்கும்போதும் சம்பாதிக்கிறான்.

கடற்கரைப் புழுக்கம்

நம் ஊரில் வளர்கிற ஜெர்சி கலப்பினத்தின் மூதாதை, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே ஒரு குளிர்ந்த தீவில் பிறந்தது. கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன் பிரீசியனின் ஊர் ஹாலந்தும் வட ஜெர்மனியும். 25 டிகிரிக்குள் சுகமாக இருக்கிற ஜாதி இவை.

மாடு தன் உடல் சூட்டை வியர்வையாலும் மூச்சாலும்தான் வெளியேற்ற வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை காயாது, சூடு உள்ளேயே நிற்கும். ஆகவே விஞ்ஞானிகள் வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து ஒரு குறியீடு கணக்கிடுகிறார்கள். அது 72ஐத் தாண்டினால் நிறையக் கறக்கிற மாட்டுக்குத் துன்பம் தொடங்குகிறது. 30 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரம் என்றால் குறியீடு 82. கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையில் இது வருஷத்தில் பெரும் பகுதிக்குச் சாதாரண நாள்! உள்நாட்டில் பகல் காய்ந்தாலும் ராத்திரி தணியும். மாடு மூச்சு விட்டுக்கொள்ளும். கடலோரத்தில் சித்திரை வைகாசியில் ராத்திரியும் புழுங்குகிறது.

சூடு ஏறிய மாடு தீனியைக் குறைக்கிறது. பால் இறங்குகிறது. உடம்பு கரைகிறது. சினைப்பருவம் வந்தாலும் கத்தாமல், துள்ளாமல், சில மணி நேரத்தில் அடங்கிப் போகிறது; அதுவும் நடு ராத்திரியில். நாள் முழுவதும் நாற்று நட்டுவிட்டு வந்து அயர்ந்து தூங்குகிற பெண் அதை எப்படிக் காண்பாள்? ஒரு பருவம் தவறினால் 21 நாள் வீண். மூன்று பருவம் தவறினால் இரண்டு மாதம் தீனிச் செலவு மட்டும் மிச்சம். நல்ல வளர்ப்பில் 13 மாதத்துக்கொரு கன்று போட வேண்டிய மாடு ஒன்றரை வருஷமானாலும் சினைப்படாமல் நிற்கிறது. “வறட்டு மாடு” என்று பெயராகிறது. தரகன் வாசலுக்கு வருகிறான்.

இதற்கு நிவாரணம் இல்லையா? உண்டு. கிழக்கு மேற்காக நீண்ட, பத்தடிக்குக் குறையாத உயரமான கொட்டகை. கூரைக்கு மேல் ஓலையோ வைக்கோலோ. பக்கத்தில் மர நிழல். எப்போதும் எட்டுகிற தண்ணீர்த் தொட்டி. கறவை மாடு நாளொன்றுக்கு 60 முதல் 80 லிட்டர் வரை குடிக்கும். வெயிலில் இன்னும் கேட்கும். கடலோரத்தில் தண்ணீர் தெளித்தால் மட்டும் போதாது. காற்றும் வீச வேண்டும், இல்லாவிட்டால் ஈரம்தான் கூடும். தீனியின் பெரும் பங்கை விடியலிலும் இரவிலும் போட வேண்டும்.

இவையெல்லாம் ரகசியமல்ல. நம் ஜில்லாவிலேயே காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் இரண்டு சென்ட் மனையில், தகரக் கூரையில், வீட்டோடு ஒட்டி மாட்டைக் கட்டுகிறவன் எந்தப் பக்கம் பத்தடி உயர்த்துவான்? தெருக்குழாயில் குடம் பிடிக்கிறவள் 80 லிட்டருக்கு எங்கே போவாள்? கரையோரத்து ஊர்கள் பலவற்றில் கிணற்று நீர் உவர்ப்பு. நெம்மேலியில் 2013 முதல் கடல் நீரைக் குடிநீராக்கிக் குழாய் வழியே சென்னைக்கு அனுப்புகிறார்கள். சென்னைத் தொழிலாளிக்குத் தண்ணீர் போகட்டும், நாம் தடுக்கவில்லை. குழாய் புறப்படுகிற ஊரின் மனிதனுக்கும் மாட்டுக்கும் பங்கு எங்கே என்று கேட்கிறோம்.

நிலமில்லாதவன் மாடு

பத்து லிட்டர் கறக்கிற மாட்டுக்குத் தினம் 25, 30 கிலோ பசுந்தீவனம் வேண்டும். உடம்புக்கென்று ஒன்றரைக் கிலோ அடர்தீவனமும், ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் மேலும் ஒரு கிலோவும் வேண்டும். தாது உப்பு வேண்டும். நிலமுள்ளவன் பத்து சென்டில் கம்பு நேப்பியர் போட்டு, வரப்பில் அகத்தி நட்டு, பாதிச் செலவை மிச்சப்படுத்துகிறான். நிலமில்லாதவன் எல்லாவற்றையும் கடையில் வாங்குகிறான். புண்ணாக்கு விலை ஏறுகிறபோது அவன் குறைக்கிறான். குறைத்தால் முதலில் போவது பாலல்ல, சினை பிடிக்கிற சக்தி.

முன்பு மேய்க்கால் புறம்போக்கு இருந்தது, ஏரிக்கரை இருந்தது, அறுத்த வயல் இருந்தது. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் மதில். மதிலுக்குள் பண்ணை வீடு, உல்லாச விடுதி, விற்காத மனைக்கட்டு. அறுவடை இயந்திரத்துக்குப் பின்னால் வைக்கோலைச் சுருட்டி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊராரிடம் ஒப்படைக்கத் திட்டம் வகுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2011 ஜனவரியில் எல்லா மாநில சர்க்கார்களுக்கும் உத்தரவிட்டது. ஏழையின் குடிசையை அகற்ற மட்டும் அந்த உத்தரவு ஞாபகத்துக்கு வருகிறது. பெரிய மதில் கண்ணில் படுவதில்லை!

இந்த ஜில்லாவுக்கு இதைவிடப் பழைய ஒரு கணக்கும் பாக்கி. 1891இல் செங்கற்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர், இங்கே தாழ்த்தப்பட்ட மக்கள் நிலமற்று அடிமைப்பட்டுக் கிடப்பதைப் பற்றி அறிக்கை எழுதினார். அதையொட்டி 1892இல் வெள்ளைக்கார சர்க்காரே உத்தரவு போட்டு, மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் வரை பஞ்சமி நிலம் என்று ஒதுக்கியது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, பிறகும் தாழ்த்தப்பட்டவருக்கன்றி வேறெவருக்கும் விற்கக் கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் நின்றது. நிலம் கைமாறிப் போயிற்று. மாமல்லபுரத்துக்குச் சற்று உள்ளே காரணையில் அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டு மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் நீத்தார்கள்.

மாட்டைப் பற்றிப் பேச வந்துவிட்டு இதையேன் பேசுகிறோம் என்று கேட்கலாம். மாட்டின் ஆயுள் தீவனத்தில், தீவனம் நிலத்தில், நிலம் யார் கையில் என்பதுதான் கேள்வி. அந்தப் பத்து சென்டைத் தர மறுத்துவிட்டு, “உனக்கு மாடு வளர்க்கத் தெரியவில்லை” என்று சொல்வது அயோக்கியத்தனம்.

இலவச மாடும் இல்லாத வைத்தியரும்

2011 செப்டம்பரில் அன்றைய அ.தி.மு.க. சர்க்கார் ஐந்து வருஷத்தில் 60,000 ஏழைக் குடும்பங்களுக்கு இலவசக் கறவை மாடு தருகிற திட்டத்தைத் தொடங்கியது. ஏழைப் பெண்ணின் கையில் ஒரு பசு வருவதை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் வெளி மாநிலச் சந்தையிலிருந்து லாரியில் வந்திறங்கிய மாட்டுக்கு அடுத்த நாள் தீனி எங்கே, காய்ச்சல் கண்டால் வைத்தியர் எங்கே? 2013இல் தமிழ்நாட்டில் கோமாரி பரவி ஆயிரக்கணக்கில் மாடுகள் மாண்டன. கோமாரிக்குத் தடுப்பூசி உண்டு. வருஷத்துக்கு இருமுறை ஊர் தவறாமல் போட்டால் தடுக்கலாம். தடுப்பூசி இருந்தும் மாடு சாகிறதென்றால் அது விதியல்ல, நிர்வாகம்.

கோமாரியிலிருந்து பிழைத்த மாடும் வெயிலில் மூச்சிரைத்து நிற்கும். பழைய கறவைக்குத் திரும்பாது. மடிநோய் ஒரு காம்பை அடைத்தால் கால் பங்கு போயிற்று. உண்ணிக் காய்ச்சல் கலப்பின மாட்டைத்தான் முதலில் சாய்க்கும். மடிநோயும் உண்ணிக் காய்ச்சலும் முதல் நாளே பார்த்தால் பெரும்பாலும் தீருகிற நோய்கள். வைத்தியர் ஒருவர் பல ஊர்களைச் சுற்ற வேண்டியிருக்கிறது. குற்றம் அவரிடமில்லை, காலி இடத்தை நிரப்பாத சர்க்காரிடம். காப்பீட்டின் அடிப்படைப் பாலிசியோ சாவுக்குத்தான். சாகாமல் சினைப்படாமல் நிற்கிற மாட்டுக்கு ஒரு தம்படி கிடையாது.

கோமாதா பக்தர்கள்

இன்னொரு கூட்டம் இருக்கிறது. “எல்லாம் சீமை மாட்டால் வந்த வினை, நாட்டு மாட்டுக்குத் திரும்புங்கள்” என்கிறது. நாட்டு மாட்டுக்குத் தளர்ந்த தோலும் மிகுந்த வியர்வைச் சுரப்பியும் உண்டு. வெயிலையும் உண்ணியையும் தாங்கும். இது மெய். சுத்தச் சீமைக் காளையின் விந்தையே தலைமுறை தலைமுறையாக ஊசி போட்டுக்கொண்டு போனால் அயல் ரத்தம் 50 சதவீதத்திலிருந்து 75, அங்கிருந்து 87 என்று ஏறி, நம் வெயிலுக்கு ஆகாத மாடுதான் மிஞ்சும். அதுவும் மெய். பாதியளவில் நிறுத்துவதே வெப்ப நாட்டுக்கு ஏற்றது என்று விஞ்ஞானிகள் சொல்லி வந்திருக்கிறார்கள். எந்தக் காளையின் விந்து என்று எழுதி வைத்து, அடுத்த ஊசியை அதற்கேற்பப் போட வேண்டும். இது விஞ்ஞானம்.

ஆனால் இந்தக் கூட்டத்துக்கு விஞ்ஞானம் வேண்டாம். ஒன்றிரண்டு லிட்டர் கறக்கிற மாட்டைக் கட்டிக்கொண்டு கூலிக்காரன் கடனை எப்படி அடைப்பான் என்ற கவலையும் வேண்டாம். 2017 மே மாதம் மத்திய சர்க்கார், சந்தையில் மாட்டை இறைச்சிக்கு விற்கக் கூடாது என்று விதி போட்டது. மதுரை ஹைகோர்ட் கிளை தடை விதித்தது. ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அந்தத் தடை நாடு முழுவதும் செல்லும் என்றது. அந்த விதி நிலைத்திருந்தால் என்ன ஆகும்? கறவை நின்ற மாட்டின் கடைசி 15,000 ரூபாயும் போகும். பால் தராத மாட்டுக்குத் தினம் நூறு ரூபாய்த் தீனி போட வேண்டும். அல்லது ரோட்டில் விரட்ட வேண்டும். மாட்டுக்கு நீண்ட கறவைக் காலம் வேண்டும் என்கிறோம் நாம். மாட்டுக்காரனின் வயிற்றிலடித்து மாட்டைப் பூஜிக்கச் சொல்கிறார்கள் அவர்கள்.

மாமல்லபுரத்தில் கிருஷ்ண மண்டபத்துப் பாறையில் 1,300 வருஷங்களுக்கு முன் ஒரு சிற்பி செதுக்கி வைத்திருக்கிறான். பசு தன் கன்றை நக்கிக்கொண்டு நிற்கிறது; கீழே ஒருவன் குந்திப் பால் கறக்கிறான். கன்றுக்கும் பால், கறப்பவனுக்கும் பால். பக்தர்கள் பசுவைப் பார்க்கிறார்கள். நாம் குந்தியிருக்கிற உழைப்பாளியையும் பார்க்கிறோம்.

முதலாளித்துவம் காட்டுகிற வழி

அமெரிக்கா, ஐரோப்பாவின் பெரும் பண்ணைகளில் நிலம் உண்டு, தீனி உண்டு, மின்விசிறி உண்டு, வைத்தியர் உண்டு. அங்கேயாவது பசு நீண்ட நாள் நிற்கிறதா? இல்லை. சராசரியாக இரண்டரை முதல் நாலு வருஷம்தான் கறவையில் நிற்கிறது. மடியைக் கசக்கிப் பிழிந்து, சினை பிந்தினால், கால் நொண்டினால் கழித்துவிட்டு அடுத்த கிடேரியைக் கட்டுகிறார்கள். இங்கே இல்லாமையால் தேய்கிறது. அங்கே லாப வெறியால் தேய்கிறது.

ஆலைத் தோழர்களுக்கு இது புதிதல்ல. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கிற மசோதாவை நிறைவேற்றினார்களே, எதற்காக? தொழிலாளியைச் சீக்கிரம் பிழிந்துவிட்டு அடுத்த வாலிபனை எடுக்கத்தான். சங்கங்கள் ஒன்றாய் எழுந்ததால் மே தினத்தன்று அது வாபஸாயிற்று. மறைமலை நகரில் ஒப்பந்தத் தொழிலாளியை முப்பது வயதில் வெளியே தள்ளுகிற கணக்கும், மூன்றாம் ஈற்றில் பசுவைத் தள்ளுகிற கணக்கும் ஒரே பேரேட்டில் எழுதப்பட்டவை.

நம் தரப்பிலும் ஒரு பாடம் உண்டு; மறைக்க வேண்டியதில்லை. சோஷலிச கியூபாவில் ஹோல்ஸ்டீனையும் திமில் மாட்டையும் கலந்து பிறந்த உப்ரே பிளாங்கா என்ற பசு 1982இல் ஒரே நாளில் 109 லிட்டருக்கு மேல் கறந்து உலக சாதனை படைத்தது. 1985இல் அது இறந்தது. பின்னர் 1990களில் சோவியத் உதவி நின்று, வெளிநாட்டுத் தீவனம் வராமல் போனபோது, நாட்டின் பால் உற்பத்தியே விழுந்தது. ஒரு சாதனைப் பசு நாட்டுக்குப் பால் தராது. சொந்த நிலத்துத் தீவனத்தில், சொந்த வெயிலில், பல ஈற்று நிற்கிற ஆயிரம் சாதாரணப் பசுக்களே தரும்.

நாம் செய்ய வேண்டியது

நம் ஜனங்கள் தவறே செய்வதில்லை என்று முகஸ்துதி செய்ய மாட்டோம். கன்றுக்குச் சீம்பால் முழுதாய் விடாமல் இருப்பது, கன்று போடுவதற்கு முன் இரண்டு மாதம் கறவையை நிறுத்தாமல் கடைசிச் சொட்டு வரை கறப்பது, கறந்தவுடன் மாட்டைச் சாணியில் படுக்க விட்டு மடிநோயை வரவழைப்பது, காலையில் பருவம் கண்ட மாட்டுக்கு அன்று மாலை சினை ஊசி போடாமல் மறுநாளுக்குத் தள்ளுவது, இவை நாம் திருத்திக்கொள்ள வேண்டியவை. கடன்காரன் வாசலில் நிற்பதால் கடைசிச் சொட்டையும் கறக்கிறோம் என்பது நிஜம். ஆயினும் அந்த இரண்டு மாதம் அடுத்த ஈற்றின் பாலை நிர்ணயிக்கிறது. சங்கக் கூட்டத்தில் இதையும் பேசுங்கள்.

சர்க்காரிடம் நாம் கேட்பவை:

1. பஞ்சமி நிலத்தை மீட்டு உரியவரிடம் ஒப்படை. மேய்க்கால் நிலத்தை அளந்து மதிலை இடி. கறவை வைத்துள்ள நிலமற்ற குடும்பங்கள் கூட்டாகத் தீவனம் பயிரிட நிலமும் தண்ணீரும் கொடு.

2. கூட்டுறவுச் சங்கத்தில் தீவனமும் தாது உப்பும் மலிவு விலையில் கொடு. தீவன விலை ஏறும்போதே பால் கொள்முதல் விலையும் ஏறட்டும். பால் பணத்தை நாள் தவறாமல் கொடு.

3. வைத்தியர், உதவியாளர் காலியிடங்களை நிரப்பு. தடுப்பூசி ஊர் தவறாமல் வரட்டும். சினை ஊசியின் காளை விவரத்தை எழுதிக் கொடு.

4. காலனிகளில் பொதுக் கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் கட்டு. சினை நின்ற மாட்டுக்கும் காப்பீடு கொடு.

5. அன்னியப் பால்பொருளுக்குக் கதவைத் திறக்காதே. 2019 நவம்பரில் ஆசிய வட்டார வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து மத்திய சர்க்காரைப் பின்வாங்கச் செய்ததில் பால் உற்பத்தியாளரின் எதிர்ப்புக்கும் பங்குண்டு. அதை மறக்காதே.

ஆலைத் தொழிலாளியின் குழந்தை குடிக்கிற பால், வயல் தொழிலாளியின் வீட்டு மாட்டிலிருந்து வருகிறது. கொள்முதல் விலையைக் கூட்டச் சொன்னால் “நகரத்து ஏழைக்குப் பால் விலை ஏறிவிடும்” என்று நம்மை ஒருவருக்கொருவர் எதிரியாக்கப் பார்ப்பார்கள். ஏமாறாதீர்கள். மாடு ஐந்து ஈற்று நின்றால் உற்பத்திச் செலவு தானே இறங்கும். கறப்பவனுக்கும் மிஞ்சும், குடிப்பவனுக்கும் கட்டும். நடுவே நஷ்டம் தரகனுக்கும் வட்டிக்காரனுக்கும்தான்.

அடுத்த முறை “உனக்கு மாடு வளர்க்கத் தெரியாது” என்று எவனாவது சொன்னால், தலை குனியாதீர்கள் தோழர்களே. “நிலத்தைக் கொடு, தண்ணீரைக் கொடு, வைத்தியரை அனுப்பு, ஐந்தாவது ஈற்றில் வந்து கறந்து பார்” என்று சொல்லுங்கள். ஒருவராய்ச் சொன்னால் சிரிப்பார்கள். சங்கமாய்த் திரண்டு தாலுகா ஆபீஸ் வாசலில் சொன்னால் கேட்டே தீர வேண்டும்!